மலைப் புதினங்களின் காலக்கணக்கு

புதினம் எழுதப் பயில்வோர்க்குத் தனியே இலக்கண நூல் இல்லை. முன்னர் எழுந்த நல்ல புதினங்களே இலக்கணம். கதையின்பம் கருதி ஒருமுறை படித்தபின், அது கட்டப்பட்ட முறையை அறிய மறுமுறை படித்தல் வேண்டும். அம்மறுவாசிப்பில் எழுப்பத்தக்க முதல் வினா, 'இக்கதையில் காலம் எதனால் அளக்கப்படுகிறது?' என்பதாகும்.

நம் நீலகிரியைக் களமாகக் கொண்ட ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' 1963இல் வெளிவந்தது. மின்பொறியாளரான கணவருடன் இம்மலையில் வாழ்ந்த நாளில் படகர் வாழ்வை அவர் நேரில் கண்டறிந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியே இப்புதினத்தின் நாட்காட்டி. சிறுவன் ஜோகி கோயிற்பணிக்கு உரியவனாகிறான். பங்காளி ரங்கனோ உதகையின் காசை நாடி ஓடுகிறான். ஒருவனுக்குக் காலம் பாலாலும் பூவாலும் நகர்கிறது. மற்றவனுக்குக் காசால் நகர்கிறது. உருளைக்கிழங்கும் தேயிலையும் குந்தா மின்திட்டமும் மலையை மாற்றிய வரலாறு, இவ்விரு கணக்குகளின் மோதலாகவே நமக்குப் புலப்படுகிறது.

தெற்கேயுள்ள ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ', இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 2007இல் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. அங்கும் மலையுண்டு, பனியுண்டு. காலத்தை அளப்பதோ மேஸ்திரி தந்த முன்பணம். ஆண்டிறுதியில் கணக்குப் பார்க்கையில் கடன் எஞ்சும். கருப்பனும் வள்ளியும் ஊர் திரும்ப இயலாது. தீராத அக்கணக்கே கதையை நடத்திச் செல்கிறது.

இவ்விருவரும் தாம் எழுதிய மக்களுள் பிறந்தவரல்லர். அயலார் என்னும் குறையை, அம்மக்களின் காலக்கணக்கைக் கற்றதனால் பெரிதும் ஈடுசெய்தனர். ஆயினும், படகமொழியில் பேசுவோரைத் தமிழில் பேசவைக்கும்போது இழப்பு நேர்ந்தே தீரும். அவ்விழப்பையும் குறித்துக்கொண்டு படிப்பதே நேர்மையான பயிற்சி.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தோர் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் குடியேறினர். அவர்தம் வாழ்வை எழுத முனைவோர் எதனால் காலத்தை அளப்பர்? கப்பலேறிய நாளாலா, குடியுரிமைத் தாளாலா, அன்றாடம் பறித்த கொழுந்தின் எடையாலா? மலை என்றதும் பனியைப் பாடிப் பழகிய நாம் இவ்வினாவைத் தட்டிக்கழித்தே வந்துள்ளோம்.

நம் வட்டத்திற்கு இன்று பத்தாண்டு நிறைகிறது. குறிஞ்சியின் கணக்கில் இன்னும் ஒரு சுற்று முடியவில்லை. அது முடியுமுன் நம்முள் ஒருவரேனும் அவ்வினாவிற்கு விடை எழுதத் தொடங்குதல் வேண்டும்.