மணலை நிறுத்த வந்தவர்: ‘டியூன்’ நாவலின் சூழலியலாளரும் அரபுப் பாலையின் நில அறிவும்

1965 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூலாக வெளிவந்த ‘டியூன்’ என்னும் அறிவியல் புனைவைப் பற்றி முஸ்லிம் வாசகர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம், அது இரண்டு சொற்களையே சுற்றிச் சுற்றி வருவதை நாம் கண்டு வருகிறோம். ஒன்று மஹ்தி; மற்றொன்று ஜிஹாத். எங்கோ ஒரு கோளில் வாழும் பாலை மக்கள் தம் தலைவனை மஹ்தி என்றழைப்பதும், அவன் பெயரால் அண்டமெங்கும் பரவும் போர் ஜிஹாத் எனப்படுவதும் சிலருக்குப் பெருமிதத்தையும் சிலருக்கு மனத்தாங்கலையும் தந்துள்ளன. 2021 ஆம் ஆண்டின் திரைப்படம் ஜிஹாத் என்ற சொல்லை விலக்கிப் ‘புனிதப் போர்’ என்று மாற்றிக்கொண்டபோது இவ்விவாதம் மீண்டும் தலைதூக்கியது.

நம் நாட்டம் அதிலன்று. அந்நூலின் சமர்ப்பண ஏட்டை நாம் பார்க்க வேண்டும். கதைத் தலைவன் ஓர் இளவரசன். பகைவர் ஒரு பெருங்குடியினர். பேரரசர் ஒருவரும் உண்டு. ஆனால் ஆசிரியர் தம் நூலைச் சமர்ப்பித்திருப்பது வறண்ட நிலங்களில் உழைக்கும் சூழலியலாளர்களுக்கு. அச்சமர்ப்பணம் எதற்காக, அந்தச் சூழலியலாளர் கதைக்குள் எங்கே நிறுத்தப்படுகிறார், நம் மொழியின் சொற்களால் கட்டப்பட்ட ஓர் உலகில் அவருக்கு அளிக்கப்பட்ட இடம் நம் வரலாற்றோடு எவ்வாறு பொருந்துகிறது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

நூலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் (1920–1986) தொழிலால் பத்திரிகையாளர். 1957 இல் ஆரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் செய்தி சேகரிக்கச் சென்றார். அங்குப் பசிபிக் கடலோரமாகப் பல மைல் நீளத்திற்கு மணற்குன்றுகள் உள்ளன. காற்றின் போக்கில் அவை நகர்ந்து சாலைகளையும் கட்டடங்களையும் மூடிவந்தன. அமெரிக்க வேளாண்மைத் துறையினர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவகைக் கடற்கரைப் புல்லை வரிசை வரிசையாக நட்டு அம்மணலைப் பிணித்து நிறுத்தினர். வேரோடிய புல் மணலைப் பிடிக்கும். பிடித்த மணல் மேலும் புல்லுக்கு இடந்தரும். ‘நகரும் மணலை நிறுத்தினார்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஹெர்பர்ட் ஒரு கட்டுரைக்குத் திட்டமிட்டார். அது அன்று அச்சேறவில்லை. ஆனால் பாலைவனம், நீர், அங்கு வாழும் மக்கள், அவர்களிடையே தோன்றும் சமயத் தலைவர்கள் என்று அவருடைய வாசிப்பு ஆண்டுக்கணக்கில் விரிந்தது. அதன் விளைவே 1963 இறுதியிலிருந்து ‘அனலாக்’ இதழில் தொடராகவும், இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் கைவிரித்த பின்னர் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்ட்டன் நிறுவனத்தின் வழியே நூலாகவும் வந்த ‘டியூன்’.

கதை நிகழும் கோளின் பெயர் அராக்கிஸ். வானியல் நூல்களில் இதே பெயருடைய விண்மீன் ஒன்று உண்டு. ஆடுபவன் எனப் பொருள்படும் ‘அர்ராகிஸ்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. நாவலின் அராக்கிஸோ நாம் சுஹைல் என்றழைக்கும் விண்மீனின் மூன்றாவது கோள். கோடையின் கடைசியில் சுஹைல் விடியலில் தென்பட்டால் வெப்பம் தணியப்போகிறது என்று அரபுகள் இன்றும் மகிழ்வர். ஹெர்பர்ட் இதை அறிந்தே இட்டாரோ இல்லையோ, மழையே காணாத தம் கோளுக்கு வேறெந்தக் கதிரவனும் இத்தனை பொருத்தமாக அமைந்திராது.

இக்கோளுக்குப் பேரரசரால் அனுப்பப்பட்ட கோளியல் அறிஞர் பார்டோட் கைன்ஸ். அவருடைய வரலாறு நூலின் பிற்சேர்க்கையில்தான் முழுமையாகக் கூறப்படுகிறது. பலர் அதனைப் படிக்காமலே நூலை மூடிவிடுகின்றனர். நம் கருத்தில் நூலின் உயிர்நாடி அப்பக்கங்களே. ஃப்ரெமன் எனப்படும் பாலைக்குடி இளைஞர் மூவரை ஆட்சியாளரின் அடியாட்களிடமிருந்து கைன்ஸ் காப்பாற்றுகிறார். அவர்கள் அவரைத் தம் குகைக் குடியிருப்புக்கு அழைத்துச் செல்கின்றனர். மறைவிடத்தைக் கண்டுவிட்ட அந்நியரைக் கொல்ல வேண்டுமென்று முடிவாகிறது. அதையறியாத அவர், இக்கோளில் திறந்தவெளியில் நீர் ஓடப்போவதையும் மரங்கள் நிற்கப்போவதையும் பேசிக்கொண்டே இருக்கிறார். கொல்ல வந்தவனை விலகிப் போகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார். அவனோ சில அடிகள் நடந்து தன் கத்தியின் மீதே வீழ்ந்து மடிகிறான். அக்கணத்திலிருந்து அவர் சொல்வதெல்லாம் அக்குடிகளுக்குக் கட்டளை.

அவர் வகுத்த திட்டம் வெறும் கற்பனை அன்று. ஃபுளோரன்ஸில் ஹெர்பர்ட் கண்டதன் விரிவு. முதலில் பழைய மணற்குன்றுகளின் காற்று மறைவுச் சரிவில் வறட்சி தாங்கும் புல். குன்று நிலைபெற்றதும் வாள்போன்ற இலைகளுடைய வலிய புல். இவ்வாறு வளர்ந்த நெடுங்குன்றுகளை ஆசிரியர் ‘சிஃப்’ என்கிறார். வாளைக் குறிக்கும் ‘ஸைஃப்’ என்னும் அரபுச் சொல்லே புவியியலார் வழியாக அங்கே சென்றிருக்கிறது. அடுத்துக் கீரையினச் செடிகள், பின்னர் புதர்கள், சவுக்கை ஒத்த குட்டைத் தமரிஸ்க், கள்ளி வகைகள். பின்பு மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தரும் சிற்றுயிர்கள், அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பருந்தும் ஆந்தையும். இவையெல்லாம் நிலைத்த பிறகே பேரீச்சை, பருத்தி, முலாம், காப்பி உள்ளிட்ட 200க்கும் மேற்பட்ட உணவுப் பயிர்கள். கோளின் பசுந்தாவரத்தில் 3 விழுக்காடு இச்சுழற்சியில் ஈடுபட்டுவிட்டால் பின்னர் அது தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டவர்களுக்கு 300 முதல் 500 ஆண்டுகள் என்று விடையளித்தார். தாம் காணப்போகாத தோப்புக்காக அம்மக்கள் உழைக்க ஒப்பினர். மறுமை நாளே வந்தாலும் கையிலுள்ள நாற்றை நட்டுவிடத் தூண்டும் நபிமொழியை (ஸல்) அறிந்தவர்களுக்கு இந்தப் பொறுமை வியப்பளிக்காது.

பார்டோட் ஒரு நிலச்சரிவில் மாண்டபின் மகன் லியெட் கைன்ஸ் அப்பொறுப்பை ஏற்கிறார். தாய்வழியில் அவர் ஃப்ரெமன். பதவியால் பேரரசரின் ஊழியர். ஆட்சி கைமாறுவதைக் கண்காணிக்கும் நடுவரும் அவரே. முடிவில் பகைவர் அவரை நீர்காக்கும் உடையின்றிப் பாலையில் விட்டுவிடுகின்றனர். மயக்கத்தில் இறந்த தந்தையின் குரல் ஓயாமல் சூழலியல் பாடம் நடத்துகிறது. ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேரக்கூடிய மிகக் கொடிய கேடு ஒரு வீரனின் கையில் அவர்கள் சிக்கிக்கொள்வதே என்பதும் அப்பாடத்தில் வருகிறது. காலடி மணலுக்குள் நறுமணப் பொருள் முதிர்ந்து வெடிக்கப்போவதை அறிவால் உணர்ந்தும் எழுந்து நடக்க வலுவின்றி, தாம் ஆராய்ந்த அதே நிகழ்வில் அவர் மடிகிறார்.

இனிச் சொற்களுக்கு வருவோம். பாலையில் வாழும் ஒரு சிற்றெலிக்கும், அதன் பெயரைத் தன் பெயராக ஏற்கும் இளவரசனுக்கும் ‘முஅத்திப்’ என்று பெயர். சிறுவர்களுக்கு ஆசிரியன் என்று நாவல் தரும் பொருள் சரியானதே. ஹாரூன் ரஷீதின் மைந்தர்களுக்கு முஅத்திபாக இருந்தவர் இலக்கண அறிஞர் கிஸாயீ. ஃப்ரெமன்களின் வாழ்க்கைக் கையேட்டுக்கு ஹெர்பர்ட் இட்ட பெயர் ‘கிதாபுல் இபர்’. இது இப்னு கல்தூனின் பெருவரலாற்று நூலின் பெயர். புகழ்பெற்ற முகத்திமா அதன் முன்னுரையே. பாலை வாழ்வின் கடுமையில் உருவாகும் குழு ஒற்றுமை அரசுகளை வீழ்த்துகிறது, அரண்மனையின் வளத்தில் அதுவே கரைகிறது என்னும் இப்னு கல்தூனின் கோட்பாடு நாவலின் போக்கில் அப்படியே தென்படுகிறது. காக்கேசிய மலைகளில் இமாம் ஷாமில் ரஷ்யாவை எதிர்த்து நடத்திய போரைப் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் 1960 இல் வெளியிட்ட நூலிலிருந்தும் அவர் பல சொற்களை எடுத்துக்கொண்டார். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவில் இல்ம் உண்டு, ஃபிக்ஹு உண்டு, ‘பிலா கைஃப்’ என்னும் அகீதாத் தொடர்கூட உண்டு.

இத்தனை சொற்கள் சென்ற இடத்தில் நம் நில அறிவு மட்டும் செல்லவில்லை என்பதே நம் குறை. ஃப்ரெமன்கள் நீரைச் சேர்ப்பதிலும் சிக்கனமாகச் செலவிடுவதிலும் வல்லவர்கள் என்பதை ஹெர்பர்ட் மறைக்கவில்லை. அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் நிலத்தை அளப்பது, செடியை வகைப்படுத்துவது, நூற்றாண்டுத் திட்டம் வகுப்பது ஆகியவை வெளியிலிருந்து வந்தவரின் பங்கு. கையும் காலும் பொறுமையும் பாலை மக்களின் பங்கு. அரபு பேசும் ஒரு பாலையில் தாவரம் எண்ணும் ஓர் அறிஞர்கூடத் தோன்றவில்லை.

மெய்யான வரலாறு வேறு. அறியாமைக் காலத்தில் ‘ஹிமா’ என்பது வலிமையுள்ள தலைவன் தனக்கென வேலியிட்டுக்கொண்ட மேய்ச்சல் நிலம். குலைப் என்பவனின் ஹிமாவுக்குள் பஸூஸ் என்னும் மூதாட்டியின் ஒட்டகம் புகுந்ததே நெடுங்காலம் நீண்ட பஸூஸ் போருக்கு வித்தாயிற்று என்பர். நபி (ஸல்) அவர்கள் அத்தனியுரிமையை நீக்கி, ஹிமாவைப் பொது நன்மைக்கு மட்டுமே உரியதாக்கினார்கள். நகீஃ என்னும் புல்வெளி படைக் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது. மதீனாவைச் சூழ்ந்த புனித எல்லையில் மரம் வெட்டுதலும் வேட்டையும் விலக்கப்பட்டன.

உமர் (ரலி) அவர்கள் தம் ஊழியர் ஹுனையை ஹிமாவின் பொறுப்பில் அமர்த்தியபோது கூறிய அறிவுரையை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவரை உள்ளே விட வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்க வேண்டும். செல்வர்களின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் உண்டு. ஏழையின் ஆடு அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து கலீஃபாவின் வாசலில் நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்பது அவர்களின் கணக்கு. அதற்கும் மேலாக, அது அம்மக்களின் நிலம், அறியாமைக் காலத்தில் அதற்காகப் போரிட்டவர்களும் அதன்மேல் இருந்துகொண்டே இஸ்லாத்தை ஏற்றவர்களும் அவர்களே, தாம் அவர்களுக்கு அநீதி இழைத்துவிட்டதாக அவர்கள் எண்ணக்கூடும் என்றும் கலீஃபா கவலையுற்றார்கள். பார்டோட் கைன்ஸின் திட்டத்தில் மண்ணுக்குக் கணக்குண்டு, நீருக்குக் கணக்குண்டு. யாருடைய ஆடு முதலில் மேய வேண்டும் என்னும் இந்தக் கேள்வி அங்கு எழவே இல்லை. இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் ஜிஹாத் பற்றிய பாடத்தில்தான் இடம்பெற்றுள்ளது. ஜிஹாத் என்ற சொல்லுக்காக நாவலோடு வழக்காடுவோர் அப்பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தாவர அறிவுக்கு வருவோமாயின், ஹிஜ்ரி 282 (கி.பி. 895) அளவில் மறைந்த அபூ ஹனீஃபா தீனவரீயின் ‘கிதாபுன் நபாத்’ நினைவுக்கு வரும். மத்ஹபின் இமாமோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. எந்தச் செடி எந்த மணலில் முளைக்கும், எதனை ஒட்டகம் விரும்பும், எந்த மழைக்குப் பின் எது தலைகாட்டும் என்பவற்றை அவர் பாலை அரபுகளின் வாய்மொழியையும் அவர்தம் கவிதையையும் சான்றாகக் கொண்டு எழுதினார். கைன்ஸ் பேச, பாலை மக்கள் கேட்டனர். தீனவரீயின் நூலிலோ பாலை மக்கள் பேசுகின்றனர். அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்கால அகராதிகளில் சிதறிக் கிடந்த மேற்கோள்களைத் திரட்டி அதன் ஒரு பகுதியை மீட்டெடுத்து 1973 இல் கெய்ரோவில் வெளியிட்டவர் ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ்.

இங்கே ஹெர்பர்ட்டை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. மின்ஹாஜிலும் ஹிதாயாவிலும் ‘இஹ்யாவுல் மவாத்’, அதாவது தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் என்னும் பாடம் இருக்கிறது. உயிர்ப்பித்தவருக்கே நிலம் உரியது என்பதும், அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டுமென்று இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூற, வேண்டியதில்லை என்று அவர்தம் மாணவர் இருவரும் இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) கூறுவதும், தாகம் தீர்க்கும் நீரை எவருக்கும் மறுக்கலாகாது என்பதும் அவ்விடத்தில் வருவன. கல்வியாண்டின் கடைசி வாரங்களில், தேர்வு நெருங்கும் வேளையில், மாணவர் ஒருவர் இபாரத்தை விரைந்து வாசிக்க, நாமும் பல ஆண்டுகள் அதை அப்படியே கடந்து வந்திருக்கிறோம். ஒரு மாணவர் இந்த நாவலை எடுத்துவந்து ‘ஹஸ்ரத், இதில் நம் சொற்கள் இருக்கின்றனவே’ என்று கேட்ட பிறகே அப்பாடத்தை நிறுத்திப் படித்தோம் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுவதே நேர்மை.

ஹெர்பர்ட்டுக்கும் தம் சூழலியலாளரின்மீது முழு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. அராக்கிஸின் மணற்புழுக்களுக்கு நீர் நஞ்சு; பேரரசே நம்பியிருக்கும் நறுமணப் பொருளோ அப்புழுக்களிடமிருந்து பிறப்பது. கோள் பசுமையானால் புழு அழியும். 1976 இல் வந்த மூன்றாம் நூலில் பசுமை பரவத் தொடங்கிவிடுகிறது. 1981 இல் வந்த நான்காம் நூலில், சில ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஆறுகளும் காடுகளும் நிறைந்த அக்கோளில் ஸரீர் என்னும் ஒரு துண்டுப் பாலை மட்டும் எஞ்சியுள்ளது. ஃப்ரெமன்களின் வழிவந்தோர் முன்னோரின் சடங்குகளைப் பொருளறியாமல் நடித்துக்காட்டும் ‘அருங்காட்சியக ஃப்ரெமன்கள்’ ஆகிவிட்டனர். அவர்கள் கேட்ட நீர் கிடைத்தது, கேட்டவர்கள்தாம் இல்லை.

கதை பிறந்த ஆரிகன் கரையிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. அங்கே நட்ட புல் மணலை நிறுத்தியதோடு நின்றுவிடவில்லை. தானே பரவிக் கடலோரமாக மணலணை போன்ற மேட்டை எழுப்பி, உள்நோக்கிச் செல்ல வேண்டிய மணலைத் தடுத்தது. திறந்த மணல்வெளி சுருங்கி அங்குப் புதரும் பைன் மரமும் மண்டின. வெறும் மணலில் முட்டையிடும் பனிநிற உப்புக்கொத்திப் பறவை இடமிழந்தது. 1993 இல் அமெரிக்க அரசு அப்பசிபிக் கரைப் பறவையை அழிவின் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 1972 முதல் அம்மணல் நிலத்தின் ஒரு பகுதி தேசியப் பொழுதுபோக்குப் பரப்பாகப் பேணப்பட்டு வருகிறது. அதன் சில இடங்களில் அந்தப் புல்லை இயந்திரங்களைக் கொண்டு அகழ்ந்தெடுத்து, மணல் மீண்டும் நகர வழிசெய்து வருகின்றனர்.