1963 வாஷிங்டன் பேரணியும் கறுப்பினப் பெண்களின் மேடையுரிமையும்

1963 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். வேலைவாய்ப்பும் விடுதலையும் கோரிய அப்பேரணி மார்ட்டின் லூதர் கிங்கின் உரையாலேயே இன்று நினைவுகூரப்படுகிறது. முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் பெண் ஒருவரும் இடம்பெறவில்லை என்ற செய்தி நெடுங்காலம் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது.

பேரணியின் நிர்வாகக் குழுவிலிருந்த ஒரே பெண் அன்னா அர்னால்ட் ஹெட்ஜ்மன். வெள்ளையினப் புராட்டஸ்டண்ட் கிறித்தவர்களைத் திரட்டும் பொறுப்பையும் அவரே சுமந்தார். நிகழ்ச்சிநிரலில் பெண் பேச்சாளர் எவரும் இல்லாததைக் கண்ட அவர், பேரணித் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபுக்குக் கடிதம் எழுதினார். தேசிய நீக்ரோப் பெண்கள் மன்றத்தின் தலைவர் டோரதி ஹைட்டும் அதையே வலியுறுத்தினார். பங்கேற்கும் அமைப்புகள் எல்லாவற்றிலும் பெண்கள் உறுப்பினராக இருப்பதால் அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டது என்று அமைப்பாளர் பேயார்ட் ரஸ்டின் விடையளித்ததாக ஹைட் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். ஒருவருக்காக மற்றொருவர் பேசினால் போதும் என்னும் இவ்வாதத்தை வெள்ளையினத்தார் கறுப்பினத்தாரிடம் முன்வைத்திருந்தால், அதே தலைவர்கள் ஏற்றிருக்கமாட்டார்கள்.

முரண் இன்னும் கூர்மையாக வெளிப்பட்ட இடம் தேசியப் பத்திரிகையாளர் மன்றம். அங்குப் பெண்களுக்கு உறுப்புரிமை இல்லை. செய்தி திரட்ட வரும் பெண் நிருபர்கள் மாடத்தில்தான் அமரவேண்டும். பேரணிக்கு இரு நாள் முன்பு அம்மன்றத்தில் உரையாற்ற ராண்டால்ஃப் இசைந்தார். பேருந்தின் பின்னிருக்கைக்கு அனுப்பப்படுவது ராண்டால்ஃபுக்கு எத்தகைய இழிவோ, மாடத்துக்கு அனுப்பப்படுவது பெண் நிருபருக்கு அத்தகைய இழிவே என்று வழக்கறிஞர் பாலி மர்ரே அவருக்கு எழுதினார். ராண்டால்ஃப் திட்டத்தை மாற்றவில்லை.

கிடைத்த சலுகை சிறிது. விடுதலைக்குப் போராடிய நீக்ரோப் பெண்களுக்கு மரியாதை என்னும் ஒரு நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. அதில் ரோசா பார்க்ஸ், குளோரியா ரிச்சர்ட்சன் முதலியோர் அறிமுகப்படுத்தப்பட்டனர். மெர்லி எவர்ஸ் வர இயலாததால் டெய்சி பேட்ஸ் சில வரிகள் மட்டும் பேசினார். மஹாலியா ஜாக்சனின் குரல் மேடைக்கு வேண்டியிருந்தது. பெண்களின் கருத்து வேண்டியிருக்கவில்லை. பேரணி முடிந்து வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்த தலைவர்களிலும் பெண் எவரும் இல்லை.

இதனை ஆண்களின் தன்னலம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இனத்தின் கண்ணியம் ஆண் தலைமையின் தோற்றத்தால் அளக்கப்படும் என்ற அச்சம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. தற்பாலின ஈர்ப்புடையவர் என அறியப்பட்ட ரஸ்டினே அதனால் பாதிக்கப்பட்டார். பேரணியின் இயக்குநர் என்னும் பெயர் அவருக்கு மறுக்கப்பட்டு, துணைப் பொறுப்பே தரப்பட்டது. 1965இல் வெளியான மொய்னிஹான் அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களின் நலிவுக்குத் தாய்த்தலைமையை ஒரு காரணமாகக் காட்டியபோது அவ்வச்சத்துக்கு அரசின் முத்திரையும் கிடைத்தது.

பேரணிக்கு மறுநாளே ஹைட் பெண் தலைவர்களைக் கூட்டி அடுத்த கட்டத்தை விவாதித்தார். இனப் பாகுபாட்டைச் சுட்டிய ‘ஜிம் க்ரோ’ என்னும் வழக்கையொட்டி ‘ஜேன் க்ரோ’ என்ற தொடரை முன்னரே உருவாக்கியிருந்த மர்ரே, 1965இல் மேரி ஈஸ்ட்வுட்டுடன் எழுதிய சட்டக் கட்டுரையின் தலைப்பிலேயே அதனை அமைத்தார். 1966இல் தேசியப் பெண்கள் அமைப்பு உருவானபோது ஹெட்ஜ்மனும் மர்ரேயும் நிறுவனர் வரிசையில் இருந்தனர். ஆயினும் கறுப்பினப் பெண்களின் சிக்கல்களுக்கு அங்கும் போதிய இடமில்லை எனக் கண்டு, அடுத்த ஆண்டே மர்ரே அதன் தலைமைப் பணியிலிருந்து விலகிக்கொண்டார்.