மத்தளம் நடத்தும் அரங்கு: மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியாரின் ஆக்கவுரிமை

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தவர்கள் அண்ணாவிமார். ஆயினும் கூத்து பற்றிய எழுத்துகளில் அண்ணாவியார் பெரும்பாலும் ‘பழக்குபவர்’, ‘மத்தளம் அடிப்பவர்’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். அவர் இசையாக்குநர், இசை நடத்துநர் என்ற இரண்டு நிலைகளுக்கும் உரியவர் என்பதும், இவ்விரு பணிகளும் அவரிடம் பிரியாது நிற்பதே கூத்தின் உயிர்நிலை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இப்பணிகள் வேறு வேறு ஆட்களுக்கு உரியனவாகப் பிரிந்த வரலாற்றைப் பிரெஞ்சு இசையில் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் இசையாக்குநர் லுல்லி கனத்த கோலால் தரையில் தட்டித் தாளம் காட்டினார். தற்செயலாக அக்கோல் காலைத் தாக்க, அந்தக் காயம் அழுகி 1687இல் இறந்தார். ஹெக்டர் பெர்லியோஸ் (1803–1869) காலத்துக்குள் நடத்துநரின் தாளம் பெரும்பாலும் கண்ணால் காணும் சைகையாகிவிட்டது. இசையாக்குநராகவும் நடத்துநராகவும் விளங்கிய அவர், 1844இல் வெளியிட்ட வாத்தியவியல் நூலின் 1855ஆம் ஆண்டுப் பதிப்பில் நடத்துநரின் கலைக்கென்று தனி இயலே சேர்த்தார். 1837இல் அவருடைய இரங்கல் வழிபாட்டிசை அரங்கேறியபோது, நடத்துநர் ஹாபெனெக் முக்கியமான கட்டத்தில் கோலை வைத்துவிட்டு மூக்குப்பொடி எடுத்ததாகவும், தாமே பாய்ந்து தாளம் காட்டியதாகவும் பெர்லியோஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். இது அப்படியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஐயம் கொள்கின்றனர். எனினும் எழுதி முடித்த இசை பிறர் கையில் சிதைந்துவிடுமோ என்ற அச்சம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

கூத்து ஆடப்படும் வட்டக்களரியின் அமைப்பு வேறு. நாற்புறமும் பார்வையாளர் இருக்க, நடுவே அண்ணாவியாரும் சல்லாரி என்னும் கைத்தாளம் போடுபவரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். சுழன்றாடும் கூத்தர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் சைகையால் இவ்வரங்கை நடத்த முடியாது. கூத்தரை வழிநடத்துவது மத்தள ஓசை. லுல்லியின் தட்டொலி இசைக்குப் புறம்பானது; மத்தள ஒலியோ இசையின் உறுப்பு.

அரசன் ஒருவனின் வரவை எடுத்துக்கொள்வோம். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, மத்தளம் அதை வாங்கிக்கொள்ள, சல்லாரி இணைகிறது. கூத்தர் களரியைச் சுற்றி ஆடுகிறார். அவர் இளைஞராகவும் கால் உறுதியானவராகவும் இருந்தால் ஆட்டம் நீள்கிறது. மூச்சு வாங்கினால் அண்ணாவியார் முன்கூட்டியே ஆட்டத்தை முடித்துத் தரு என்னும் பாட்டுக்கு வழிவிடுகிறார். கூத்தர் படித்த அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் படிக்கும் நேரம் அவருக்கு ஓய்வாகிறது. எவ்வளவு நீளம், எந்த வேகம் என்பன அந்த இரவில், அந்த ஆளைப் பார்த்து முடிவாகின்றன. இம்முடிவுகளைச் செயற்படுத்துவது நடத்துதல். அவற்றால் உருவாகும் வடிவம் ஆக்கம்.

மெட்டுகள் மரபுவழி வந்தவை, பாடல்கள் புலவர் எழுதியவை, எனவே அண்ணாவியாரை ஆக்குநர் எனல் பொருந்தாது என மறுக்கலாம். இம்மறுப்பு ஆக்கத்தைப் புதுமெட்டு இயற்றுவதோடு சுருக்கிவிடுகிறது. யாருக்கு எப்பாத்திரம் என்று முடிவாகி, அவரவர் பாட்டுப் பிரதியான ‘சட்டம்’ கொடுப்பது முதல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரையிலான மாதக்கணக்கான பழக்கத்தில், ஒவ்வொரு கூத்தரின் குரலுக்கும் உடலுக்கும் ஏற்பத் தருவையும் ஆட்டத்தையும் அண்ணாவியார் பொருத்துகிறார். ஒரே ஏட்டிலிருந்து இரு ஊர்களில் இரு வேறு கூத்துகள் பிறப்பது இதனாலேயே.

பேராதனைப் பரிசோதனையை இந்நோக்கில் மீண்டும் மதிப்பிட வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். மாணவர்களைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பின்னர் ‘இராவணேசன்’ வந்தது. விடிய விடிய ஆடிய கூத்து குறுகிய நேரத்துள் அடங்கியது. படித்த வர்க்கம் அதைக் கலையாக ஏற்றது. அம்முயற்சிக்குத் தமிழ் அரங்கு கடமைப்பட்டுள்ளது. ஆயினும் படச்சட்ட மேடையில் அண்ணாவியார் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தார். நேரத்தையும் அசைவையும் முன்கூட்டியே வரையறுக்கும் பொறுப்பு நெறியாளருக்குப் போயிற்று. பெர்லியோஸ் அஞ்சிய பிரிவினை இங்கும் நிகழ்ந்தது. ஆனால் இம்முறை உரிமை இழந்தவர் அண்ணாவியார். சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், ஊரையும் களரியையும் விட்டு விலகாமல் மாற்றம் தேடியதால், அவ்வுரிமையை உரிய இடத்திலேயே வைத்துப் பேச வழி திறந்தது.

வித்தியானந்தனின் நாட்டுக்கூத்துப் பதிப்புகளும், சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ ஆய்வும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. அடுத்த பணி ஏட்டைத் தாண்டியது. பெர்லியோஸின் ஆக்கம் அவர் எழுதிய இசைத்தாளில் இருக்கிறது. அண்ணாவியாரின் ஆக்கம் அவர் கையிலும் காதிலும் இருக்கிறது. ஆகவே அரங்கேற்ற இரவை மட்டும் ஒளிப்பதிவு செய்வது போதாது. பழக்க நாள்களையும், அண்ணாவியார் தாம் எடுத்த முடிவுகளுக்குச் சொல்லும் காரணங்களையும் பதிவுசெய்ய வேண்டும். அப்பதிவுகளில் அவர் பெயர் ஆக்குநர் என்றே இடம்பெற வேண்டும். வந்தாறுமூலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கையில், இதற்குத் தொலைவு ஒரு தடையன்று.