ஆரியா, பினாங்கு!

லீக்கில் ஐந்து ஆட்டம் முடிந்ததும் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. வழக்கமான கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, பில்லின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு எண் எழுதுவோம். இந்த சீசனில் பினாங்கு எத்தனையாவது இடத்தில் முடிக்கும் என்பது அந்த எண். அப்பா அதை மடித்து பர்ஸில் வைத்துக்கொள்வார். சீசன் முடிந்த பிறகு எடுத்துப் பார்ப்போம். இருவரும் சேர்ந்து தோற்காத வருஷம் ரொம்பக் குறைவு.

பல ஆண்டுகளாக இங்கே லீக் தைப்பூசத்தை ஒட்டித்தான் தொடங்கும். தண்ணீர்மலையில் காவடி இறங்கிய சூட்டோடு திடலுக்குப் போவோம். இப்போது ஆகஸ்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தம். "வேண்டிக்கிட்டு நேரா போறதுக்கு வசதியா இருந்துச்சு"ன்னு சொல்வார்.

எங்கள் குழுவின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் ஏன் வேண்டுதல் தேவைப்படுகிறது என்று புரியும். 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பெயரால் ஒரு கிண்ணம் வந்தது. அந்த மலாயா கிண்ணம்தான் இன்றைய மலேசியக் கிண்ணம். பினாங்கு அதை நான்கு முறை வென்றிருக்கிறது: 1953, 1954, 1958, 1974. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் தீவுப் பக்கம் வரவே இல்லை. லீக் பட்டம் 1982, 1998, 2001 என்று மூன்று முறை. 2002இல் எஃப்.ஏ. கிண்ணம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கு இவ்வளவுதான், ஒரு கையளவு.

இதில் 1974ஐத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தேன். தாத்தா தொங்கானில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தவர். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊர் அது. சரக்கு குறைந்தது, கூலி குறைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது. ஆனால் மின்னணுத் தொழிற்சாலைக்கு இளம்பெண்களின் விரல்கள்தான் தேவைப்பட்டன, தாத்தாவின் தோள் தேவைப்படவில்லை. அத்தை வேலைக்குப் போனார், தாத்தா வீட்டில் உட்கார்ந்தார். 1974 புத்தாண்டு அன்று கொம்தாருக்கு முதல் தூண் அடித்தார்கள். ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்கும் தெரியாத அந்த வருஷத்தில்தான் பினாங்கு இறுதியாட்டத்தில் பேராக்கை 2-1 என்று வென்றது.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தாத்தா மந்திரம் மாதிரி சொல்வார்: நாமாட் அப்துல்லா, அவர் தம்பி ஷாஹாருடின், ஈசா பாக்கார், அலி பாக்கார். நான் சிறுவயதில் ஒருமுறை கேட்டேன், "நம்ம ஆளு யாரு தாத்தா?" தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இவனுங்கதான்டா நம்ம ஆளு."

தமிழர்கள் மலேசியக் காற்பந்தில் இல்லாமல் இல்லை. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 2010இல் ஆசியான் கிண்ணத்தை வென்ற குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். மூவருமே சிலாங்கூருக்கு ஆடியவர்கள். தாத்தா வீட்டுச் சுவரில் ஆறுமுகத்தின் படம் இருந்தது. ஆனால் சிலாங்கூர் இங்கே ஆட வந்தால் அதே ஆறுமுகத்தைத் தாத்தா வாய் ஓயாமல் திட்டுவாராம். இன உணர்வு எங்கே முடிகிறது, ஊர்ப் பற்று எங்கே தொடங்குகிறது என்று பெரிய புத்தகங்கள் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் படமும் அந்தத் திட்டும் போதும்.

திடலில் பினாங்கு ரசிகர்கள் "ஹாரியா!" என்று கத்துவார்கள். மலாய், ஹொக்கியன், தமிழ் எல்லாத் தொண்டையும் அதில் சேரும். தாத்தாவுக்கு மட்டும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கப்பல்காரர்களின் பேச்சில் 'ஆரியா' என்றால் கயிற்றைத் தளர்த்தி இறக்கு என்று பொருள். போர்த்துகீசியத்திலிருந்து வந்து இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவிய சொல். "இறக்கு இறக்குன்னு கத்தினா எப்படிடா மேல போவானுங்க?" என்பார். அதுவும் இதுவும் ஒரே சொல் என்பது தாத்தாவின் கட்சி. அதை நான் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் புள்ளிப் பட்டியல் அவர் பக்கம்தான் பேசுகிறது.

2013இல் பினாங்கு மூன்றாம் அடுக்கு லீக்கில் கிடந்தது. அங்கிருந்து படிப்படியாக ஏறி 2016இல் சூப்பர் லீக்குக்குத் திரும்பியது. சீசன் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை இரவு, பண்டாராயா அரங்கில் பஹாங்குடன் ஆட்டம். நானும் அப்பாவும் இருந்தோம். ஃபைஸ் சுப்ரி தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மனசு மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து, வலையின் மேல்மூலையில் விழுந்தது. சுழற்சி குறைவாக அடித்த பந்தைக் காற்று அப்படி அலைக்கழிக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்த சீனப் பெரியவர் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். 4-1. அந்த வாரமே, ஐந்து ஆட்டத்துக்குக்கூடக் காத்திருக்காமல், அப்பா பில்லில் '1' என்று எழுதினார்.

2017 ஜனவரி 9 அன்று சூரிக்கில், உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஷ் விருதை ஃபைஸ் சுப்ரி வாங்கினார். அதை வென்ற முதல் ஆசியர். பிரேசிலின் ரொனால்டோ கையிலிருந்து வாங்கிவிட்டு, உரையைக் கைப்பேசியில் தேடித் தடுமாறினார். எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதோம். அதற்குள் 2016 சீசன் எங்களைப் பட்டியலின் அடிப்பகுதிக்குத் தள்ளியிருந்தது, தட்டுத்தடுமாறித் தப்பித்திருந்தோம். 2017இல் அந்தத் தப்பித்தலும் இல்லை. கடைசி இடம், இரண்டாம் அடுக்குக்கு இறக்கம். உலகின் சிறந்த கோலை அடித்த குழு, விருது வாங்கிய அதே வருஷத்தில்.

பிறகும் கதை மாறவில்லை. 2020இல், தொற்றுநோயால் 11 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில், பிரிமியர் லீக் பட்டம் வென்று மேலே வந்தோம். 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாவது இடம். 2022இல் கடைசி.

ஆகவே ஐந்து ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? வரலாறு படித்தவனாக, ஒன்றும் சொல்ல முடியாது என்றே சொல்வேன். 1974இன் தொடக்கத்தில் வேலையிழந்த துறைமுகக் கூலி ஒருவரிடம் கேட்டிருந்தால் கிண்ணம் என்று சொல்லியிருக்க மாட்டார். 2016இல் அப்பாவிடம் கேட்டதற்கு வந்த பதில் '1'. இரண்டு மதிப்பீடுமே தப்பு. ஆனால் அந்தந்த நாளில் அவரவருக்கு என்ன தேவைப்பட்டது என்பதை இரண்டுமே சரியாகச் சொல்லிவிடுகின்றன. ரசிகனின் கணிப்பில் நம்பிப் படிக்கக்கூடிய வரலாறு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாத்தாவிடம் ஒருமுறை, இவ்வளவு இறங்கியும் ஏன் போய்க் கத்துகிறீர்கள் என்று கேட்டேன். "கொக்கி கீழ எறங்கினாத்தானே அடுத்த மூட்டைய மாட்ட முடியும்" என்றார். அவர் போய்ப் பல வருஷமாகிறது.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, அரங்கின் படி ஏற முடிவதில்லை. தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார். ஆனாலும் ஐந்தாவது ஆட்டம் முடிந்தால் கடைக்குக் கிளம்பிவிடுவார். போன முறை நான் நிதானமாக '8' என்று எழுதினேன். அவர் எழுதியதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். பர்ஸில் வைக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றுதான்.