முத்துக் கடலும் கருவின் வரலாறும்

கொற்கை முத்தின் புகழைத் தமிழிலக்கியம் சங்க காலம் தொட்டே பேசி வருகிறது. சுவாதி நாளில் வாய் திறந்திருக்கும் சிப்பியில் விழும் மழைத்துளியே முத்தாகும் என்பது பழைய நம்பிக்கை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினியும், சிப்பி பனித்துளியால் கருக்கொள்கிறது என்றே எழுதினார். மனிதக் கருவையும் மக்கள் இவ்வாறே எண்ணினர்: ஆண் வித்து, பெண் நிலம். விளையாதபோது பழி நிலத்தின்மேல் விழுந்தது. ‘மலடி’ என்னும் சொல் வழங்கிய அளவிற்கு ‘மலடன்’ என்னும் சொல் வழங்காமை இதற்குச் சான்றாகும்.

1677-இல் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் நுண்ணோக்கி வழியே விந்தணுவைக் கண்டார். பாலூட்டிகளின் சினைமுட்டையை வான் பேயர் கண்டறிந்ததோ 1827-இல்தான். அவ்விரண்டும் கூடும் காட்சியைக் காட்டியது கடலே ஆகும். கடல் முள்ளெலியின் தெளிந்த முட்டையில், விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாவதை 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் விளக்கினார். உடலுக்கு வெளியே நீரில் கருவுறும் உயிராதலின், அக்காட்சி அவர் கண்ணுக்குப் புலனாயிற்று.

முத்துச் சிப்பியும் அவ்வகையினதே. ஆண் சிப்பியும் பெண் சிப்பியும் தத்தம் உயிரணுக்களைக் கடல்நீரில் விடுகின்றன. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. பின்னர் அந்நகரிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், 1981-இல் தொட்டிநீரிலேயே சிப்பிகளை இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சுகளை வளர்த்தனர். வான்துளி எதுவும் அங்கு வேண்டப்படவில்லை. தாயும் தந்தையும் ஆளுக்குப் 14 குரோமோசோம்களைத் தர, 28 கொண்ட சிப்பிக் கரு உருவாகிறது. முத்தோ சிப்பியின் மகவு அன்று. உள்ளே புகுந்த அயற்பொருளைச் சுற்றிச் சிப்பி பூசும் படலமே அது.

மனிதரிடத்து இந்நிகழ்ச்சி தாயின் கருக்குழாயில் நடைபெறுகிறது. கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களுள் சில நூறே அவ்விடத்தை அடைகின்றன. சினைமுட்டை வாளா கிடப்பதன்று. அதன் புறவுறை விந்தணுவைப் பற்றிக்கொள்கிறது. ஒன்று உட்புகுந்ததும் முட்டை தன் மேற்பரப்பை மாற்றிப் பிறவற்றைத் தடுக்கிறது. தன் இறுதிப் பிரிவினையும் அப்போதே நிறைவு செய்கிறது. முட்டை தருவது 23 குரோமோசோம்கள்; விந்தணு தருவதும் 23. கருவின் தொடக்க வளர்ச்சிக்கு வேண்டிய பொருளும் முட்டையினுள்ளேயே உள்ளது.

இவ்விணைப்பிற்கு இன்றியமையாத புரதம் ஒன்றை 2005-இல் விந்தணுவில் கண்ட ஜப்பானிய ஆய்வாளர், திருமணத்தோடு தொடர்புடைய கோயிலின் பெயரால் அதனை ‘இசுமோ’ என்றனர். அதனோடு பொருந்தும் முட்டைப் புரதம் 2014-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டு, ரோமானியரின் மணத்தெய்வமான ‘ஜூனோ’வின் பெயரைப் பெற்றது. இருவர் கூடும் மணமாகவே அறிவியலும் இதனைக் கண்டிருக்கிறது.

மழைத்துளி முத்தாகும் கற்பனையைக் கவிஞர்கள் கைவிட வேண்டுவதில்லை. ஆனால், பெண்ணை வெறும் நிலமாகப் பாடுதல் இனிப் பொருந்தாது. மகப்பேறின்மைக்குக் காரணம் ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம் என்பது மருத்துவம் தெளிந்த உண்மை. ‘மலடி’ என்னும் சொல்லை வழக்கிலிருந்து நீக்கும் பொறுப்பு, சொல்லை ஆளும் புலவர்க்கே முதற்கண் உரியது.