பழைய மேசைக் கணினியை வீடியோ தொகுப்புக்குத் தயார்படுத்தல்: எதை முதலில் மாற்றுவது?

வடக்கு கிழக்கில் இன்று வீடியோ தொகுப்பு என்பது ஸ்ரூடியோக்காரரின் தொழில் மட்டுமல்ல. கோயில் திருவிழாக்களையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் தொகுத்துக் கொடுக்கும் இளைஞர்கள், யூரியூப்பில் ஊர்ச் செய்தி போடுபவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டங்களைப் பதிவு செய்பவர்கள், இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய பழைய வீ.எச்.எஸ். கசற்றுகளைக் கணினிக்கு மாற்ற விரும்பும் குடும்பத்தவர்கள் எனப் பலரும் இதில் ஈடுபடுகின்றனர். இவர்களில் பலரிடம் இருப்பது வெளிநாட்டு அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்து, இங்கு இறக்குமதியான மேசைக் கணினிதான். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் என்ற பெயர்களைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமானது. புதிய கணினி என்பது பல வீடுகளுக்கு எட்டாத பேச்சாகிவிட்டது. ஆனால் கையிலுள்ள கணினியில் இரண்டு மூன்று பாகங்களைச் சரியான ஒழுங்கில் மாற்றினாலே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். பலர் அந்த ஒழுங்கில்தான் தவறுகின்றனர். முதலில் கிராபிக்ஸ் காட் வாங்கி, பணம் தீர்ந்த பிறகு பழைய வன்தட்டுடன் மல்லுக்கட்டுகின்றனர்.

உங்கள் கணினி எந்தத் தலைமுறை?

எதையும் வாங்க முன்னர் புரொசெசரின் இலக்கத்தைப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குச் சென்றால் தெரியும். ஐ5-3470 என்றிருந்தால் மூன்றாம் தலைமுறை; ஐ5-7500 ஏழாம் தலைமுறை; ஐ5-8500 எட்டாம் தலைமுறை. இன்டெல் புரொசெசர்களில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கமே தலைமுறை. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்கள்.

இந்த எட்டு என்ற எண் முக்கியமானது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஐ அந்நிறுவனம் அனுமதிப்பது, சொற்ப விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்திய கணினிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்க இதுவும் ஒரு காரணம். இன்னொரு விடயமும் உண்டு. மேசைக் கணினிக்கான ஐ5 வரிசையில் ஏழாம் தலைமுறை வரை நான்கு கோர்கள், எட்டிலிருந்து ஆறு. வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆகவே மூன்றாம், நான்காம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர்கள் அதில் கிராபிக்ஸ் காட், கூடுதல் ரேம் என்று கொட்டிச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றிலுள்ள டி.டி.ஆர்.3 ரேமைக் கழற்றி அடுத்த கணினியில் போடவும் முடியாது. ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் போடுங்கள், பின்னர் கணினியை மாற்றும்போது அது உங்களுடன் வரும். மிகுதிப் பணத்தைச் சேர்த்து எட்டாம் தலைமுறைக்குச் செல்வதே புத்திசாலித்தனம்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் தேவை பழைய கசற்றுகளை மாற்றுவது மட்டுமே என்றால் பழைய கணினியே போதும். எமது நாட்டில் பாவித்த பால் முறை வீடியோ கணினிக்குள் வரும்போது 720க்கு 576 புள்ளிகள், செக்கனுக்கு 25 சட்டகங்கள். இது மூன்றாம் தலைமுறை ஐ5க்குச் சுமையே அல்ல. அங்கு பணம் போக வேண்டியது நல்ல நிலையிலுள்ள ஒரு டெக்கிற்கும், படத்தை உள்வாங்கும் சிறு கருவிக்கும், சேமிக்கும் தட்டுக்கும்தான். வெள்ளைப் பூஞ்சணம் படிந்த கசற்றை அப்படியே டெக்கில் போட்டு ஓடவிட வேண்டாம். நாடாவும் பழுதாகும், டெக்கின் தலையும் அழுக்காகும், அடுத்த கசற்றுக்கும் பூஞ்சணம் தொற்றும்.

முதலில் எஸ்.எஸ்.டி., பிறகு ரேம்

சுழலும் வன்தட்டு செக்கனுக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை வாசிக்கும். அதுவும் ஒரே கோப்பை ஒழுங்காக வாசித்தால்தான். வீடியோ தொகுப்பில் மூன்று நான்கு கோப்புகளைக் கணினி ஒரே நேரத்தில் தேடும். வன்தட்டின் ஊசி அங்குமிங்கும் ஓடிக் களைத்துப்போகும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. செக்கனுக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்கும். தேடும் நேரம் ஏறக்குறைய இல்லை. எட்டாம் தலைமுறை மதர்போட்டுகளில் என்.வி.எம்.இ. வகையைப் போடும் சிறு செருகியும் பொதுவாக இருக்கும். அதற்கும் சாட்டாவுக்கும் விலை வித்தியாசம் குறைவென்றால் என்.வி.எம்.இ. வாங்கலாம். இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. வன்தட்டிலிருந்து சாட்டாவுக்கு வருவதே பெரிய பாய்ச்சல்.

நம்ப முடியாத விலையில் விற்கும் 2 டெராபைட் பென் டிரைவ்கள், வெளியிணைப்பு எஸ்.எஸ்.டி.கள் பக்கமே போகாதீர்கள். உள்ளே 32 அல்லது 64 கிகாபைட்தான் இருக்கும், மிகுதி பொய். நிரம்பிய பின் எழுதுவதெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள்.

ரேம் 8 கிகாபைட் என்றால் 1080பி வீடியோவை ஒருவாறு சமாளிக்கலாம். 16 இருந்தால் நிம்மதி. டாவின்சி ரிசோல்வ் பாவிக்க விரும்புபவர்கள் 16 இற்குக் குறைவாக முயற்சிக்க வேண்டாம். ஒரே 16 ஐப் போடுவதை விட இரண்டு 8 ஐச் சோடியாகப் போடுவது நல்லது; இரண்டு வழிகளில் தரவு ஓடுவதால் புரொசெசரின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு விளையாட்டுகளில் நல்ல வேகம் கிடைக்கும். 2025 இன் இறுதியில் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லாததால் பாவித்ததை வாங்கப் பயப்படத் தேவையில்லை. கடையிலேயே மெம்டெஸ்ட்86 ஐ ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

காசு செலவழிக்காத மேம்படுத்தல்

இப்போதைய தொலைபேசிகள் பல எச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில் பதிவு செய்கின்றன. கோப்பு சிறியது, ஆனால் அதை விரிப்பது கணினிக்குக் கடினம். "4கே வீடியோ இழுபடுகிறது" என்று சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான். தீர்வு புரொக்சி. மூலக் கோப்புக்குப் பதிலாகச் சிறிய பிரதியொன்றை மென்பொருளே தயாரிக்கும். நீங்கள் அதில் வெட்டி ஒட்டுவீர்கள். ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்பை அது தானாக எடுத்துக்கொள்ளும். இலவச மென்பொருட்களான கேடன்லைவ், ஷொட்கட் ஆகிய இரண்டிலும் இந்த வசதி உண்டு. டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலும் உண்டு. இரவில் புரொக்சியைத் தயாரிக்க விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வேலை தொடங்கலாம்.

தொலைபேசியில் எடுத்த நீண்ட நேர்காணலில் போகப்போக உதடும் குரலும் பொருந்தாமல் போவதைக் கண்டிருப்பீர்கள். தொலைபேசி சட்டக வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்வதே இதற்குக் காரணம். எந்தப் புதிய பாகமும் இதைத் தீர்க்காது. ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிய பின் தொகுத்தால் சரியாகிவிடும்.

கிராபிக்ஸ் காட்டும் பவர் சப்ளையும்

எட்டாம் தலைமுறை இன்டெல்லில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், எச்.இ.வி.சி. வீடியோவை விரிக்கும் ஆற்றல் கொண்டது. ஆகவே வெட்டி ஒட்டும் வேலை மட்டுமென்றால் தனிக் காட் அவசியமில்லை. நிறத் திருத்தம், டாவின்சி, விளையாட்டு என்று வரும்போதுதான் தேவை.

அலுவலகக் கணினிகளின் பெரிய சிக்கல் பவர் சப்ளை. சிறிய பெட்டிகளில் 180 அல்லது 240 வாட் அளவிலானது பூட்டப்பட்டிருக்கும். டெல், எச்.பி. ஆகியவற்றின் பல மொடல்களில் மதர்போட்டுக்குச் செல்லும் இணைப்பும் அவர்களது சொந்த வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. எனவே செருகியிலிருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுக்கும் காட்டைத்தான் தேட வேண்டும். என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650, 4 கிகாபைட், இதற்கு நல்ல தேர்வு. ஆனால் அதிலும் சில தயாரிப்புகள் தனியாக ஆறுமுனை இணைப்புக் கேட்கும். படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெட்டி ஒடுக்கமானது என்றால் அரை உயரக் காட் வேண்டும். 1050 டி.ஐ. வேலை செய்யும், மலிவு. ஆனால் அந்தத் தலைமுறைக்கான புதிய விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 இல் நிறுத்திவிட்டது.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஜி.டி. 1030 இலும் ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400 இலும் வீடியோவை ஏற்றுமதி செய்ய உதவும் என்கோடர் பகுதியே இல்லை. விளையாட மட்டும் என்றால் சரி, தொகுப்புக்கு வாங்கினால் ஏமாற்றம்தான். பாவித்த ஆர்.எக்ஸ். 580 மலிவாகக் கிடைக்கும்; அது 185 வாட் கேட்கும். "சாட்டா வயரிலிருந்து எட்டுமுனைக்கு மாற்றி தருகிறோம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாட்டா மின் இணைப்பு தாங்குவது 54 வாட் அளவுதான். எட்டுமுனை 150 வாட் வரை இழுக்கும். வயர் உருகும், தீயும் பிடிக்கலாம்.

பழைய காட்டின் உள்மென்பொருளை மாற்றி "1050 டி.ஐ." என்று விற்பதும் நடக்கிறது. ஜி.பி.யு-இசட் என்ற சிறு மென்பொருள் இத்தகைய காட்டுகளைப் போலியென்று காட்டிக்கொடுக்கும். பணம் கொடுக்க முன்னர் ஓட்டிப் பாருங்கள்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர்கள் முழுக் கணினியை அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கு மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230. பவர் சப்ளையின் பட்டியில் 100-240 என்றிருந்தால் பயமில்லை. 115 என்று மட்டும் இருந்தால் அல்லது சிவப்பு ஆளியொன்று 115 இல் நின்றால், செருகிய கணத்திலேயே வெடித்துவிடும்.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேலே சொன்ன 1650 உடன் ஜி.டி.ஏ. 5, வலோரன்ட், மைன்கிராஃப்ட் ஆகியவை 1080பி இல் தாராளமாக ஓடும். வலோரன்ட்டுக்கு விண்டோஸ் 11 இல் டி.பி.எம். 2.0 உம் செக்கியூர் பூட்டும் இயங்க வேண்டும். ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியால் விண்டோஸ் 11 போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்ளக்கூடும். பிள்ளைகள் கேட்பது பழைய ஈ.ஏ. கிரிக்கெட் 07 என்றால் எந்தக் கணினியும் போதும்.

மின்வெட்டும் இடியும்

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு மின்சாரத்தை நம்பக்கூடாது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்று சில நிமிடங்களே தாங்கும். அது தொடர்ந்து வேலை செய்வதற்கல்ல, சேமித்துவிட்டு நிறுத்துவதற்கு. தொகுக்கும் மென்பொருளில் தானாகச் சேமிக்கும் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையென வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடிக்கும்போது மின் வயரை மட்டுமல்ல, ரவுட்டரிலிருந்து வரும் இணைய வயரையும் கழற்றுங்கள். மதர்போட்டுகள் அந்த வழியாலும் எரிகின்றன.

பிரதிகள்

மினி டி.வி. கசற் ஒரு மணித்தியாலம் கணினியில் சுமார் 13 கிகாபைட் பிடிக்கும். தொலைபேசியின் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 170 முதல் 350 மெகாபைட் வரை. ஆகவே தட்டு எதிர்பார்த்ததை விட விரைவாக நிரம்பும். தொகுப்பதை எஸ்.எஸ்.டி.யில் செய்யுங்கள், முடிந்தவற்றையும் மூலக் கோப்புகளையும் வன்தட்டில் வையுங்கள். மின்சாரமின்றி வருடக்கணக்கில் அலுமாரிக்குள் கிடக்கும் எஸ்.எஸ்.டி. தரவை மெல்ல இழக்கக்கூடும். நீண்டகாலச் சேமிப்புக்கு அது ஏற்றதல்ல.

வீட்டில் இரண்டு பிரதி, வெளியே ஒரு பிரதி. இது தொழில்நுட்ப ஆடம்பரமல்ல. யுத்தத்தில் வீட்டோடு அல்பங்களையும் இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, அந்நாட்களில் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய கலியாணக் கசற்றே இன்று அம்மாவின் முகமும் தம்பியின் குரலும் எஞ்சியிருக்கும் ஒரே இடம். கிராபிக்ஸ் காட்டா இரண்டாவது வன்தட்டா என்று கேட்டால், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், நான் தட்டைத்தான் வாங்கச் சொல்வேன். காட் இல்லாவிட்டால் ஏற்றுமதிக்கு இரண்டு மணித்தியாலம் கூட எடுக்கும். அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி. போடும்போது கழற்றிய பழைய வன்தட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அழித்த கோப்புகளை மீட்டெடுக்க இலவச மென்பொருட்களே போதும். சாட்சியங்களையும் நேர்காணல்களையும் பதிவு செய்பவர்களுக்கு இதில் மற்றவர்களின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. தட்டை வாங்கி வந்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அதன் நிலையைப் பாருங்கள். நீலமாக நன்று என்று காட்டினால், தனி மின் இணைப்புள்ள யூ.எஸ்.பி. பெட்டியொன்றில் போட்டு இரண்டாம் பிரதிக்குப் பாவிக்கலாம். மஞ்சளாக எச்சரிக்கை காட்டினால், உள்ளே இருப்பதை அன்றே வேறு தட்டுக்குப் பிரதி செய்துவிட்டு, திரும்பவும் யாரும் வாசிக்க முடியாதபடி துளையிட்டு எறியுங்கள்.