ஏப்ரல் பதினாறும் வருமான வரிக் கெடுவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனிநபர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கும், அந்தக் கணக்கின்படி செலுத்த வேண்டிய வரியைக் கட்டி முடிப்பதற்கும் சட்டம் குறித்திருக்கும் கடைசி நாள் ஏப்ரல் 15. ஆயினும் 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கெடு ஏப்ரல் 17 வரையிலும், 2011, 2016, 2017, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஏப்ரல் 18 வரையிலும் நீண்டது. வாஷிங்டன் நகரம் மட்டுமே கொண்டாடும் ஓர் உள்ளூர் விடுமுறையான விடுதலை நாள் (ஏப்ரல் 16), வார இறுதியோடு சேர்ந்துகொண்டதே இதற்குக் காரணம். பொருளியல் நூல்களில் 'வரி விடுமுறை' என்பது புதிய தொழில்களுக்குச் சில ஆண்டுகள் வரியையே விட்டுக்கொடுக்கும் சலுகையைக் குறிக்கும். இங்கே விடுமுறை அரசு அலுவலகத்துக்கு உரியதேயன்றி வரிக்கு உரியதன்று, வரியில் ஒரு காசும் குறைவதில்லை.

ஏப்ரல் 15 என்பதும் தொடக்கம் முதலே இருந்த நாள் அன்று. 1913இல் அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்தபோது மார்ச் 1 கெடுவாக வைக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் அதை மார்ச் 15 ஆக்கியது. 1954ஆம் ஆண்டின் உள்நாட்டு வருவாய்ச் சட்டத் தொகுப்பு மேலும் ஒரு மாதம் தள்ளி இப்போதுள்ள நாளில் நிறுத்தியது. அதே தொகுப்பில் உள்ள 7503ஆம் பிரிவு, ஒரு செயலைச் செய்து முடிக்க வேண்டிய கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது சட்டப்படியான விடுமுறையாக அமைந்தால், அடுத்து வரும் வேலை நாளில் செய்தாலும் அது உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. சட்டப்படியான விடுமுறை எது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவு தரும் விடைதான் பின்னால் பெரும் விளைவை உண்டாக்கியது. தலைநகர் வாஷிங்டன் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தில் எது சட்டப்படி விடுமுறையோ அதுவே வரிக்கும் விடுமுறை என்று அது வரையறுத்தது. மாவட்டம் தனக்கென ஒரு நாளை விடுமுறையாக்கினால், ஹவாய்த் தீவில் இருந்து கணக்குத் தாக்கல் செய்பவரின் கெடுவும் கூடவே நகர்ந்துவிடும்.

அவ்வாறு விடுமுறையான ஏப்ரல் 16க்குப் பின்னே உள்ள வரலாறு தனியே பார்க்கத்தக்கது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டில், கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கான விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வருவதற்கு எட்டரை மாதம் முன்பாக, அந்த நாளில்தான் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். இழப்பீட்டு விடுதலைச் சட்டம் என்று அதற்குப் பெயர். இழப்பீடு விடுதலை பெற்றவர்களுக்கு அன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. ஒன்றிய அரசுக்கு விசுவாசமாக இருந்த உடைமையாளர்கள், ஓர் அடிமைக்குச் சராசரியாக 300 டாலருக்கு மிகாத தொகையைப் பெறலாம். வெளிநாடு சென்று குடியேற இசையும் விடுதலை பெற்றவருக்கு அதிகபட்சம் 100 டாலர் என்றும் ஒரு விதி இருந்தது. ஆட்களை விடுவிப்பதோடு அவர்களை நாட்டைவிட்டு அனுப்பிவிடும் எண்ணமும் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டமும் ஒரு கெடுவை வைத்திருந்தது. உடைமையாளர்கள் தொண்ணூறு நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், ஒவ்வோர் ஆளின் வயது, நிறம், உடல்நலம், கைத்தொழில், கேட்கும் விலை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். மூவர் அடங்கிய ஆணையம் அவற்றைப் பரிசீலித்து, 2,989 பேர் தொடர்பான 930 மனுக்களை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்றது. விலையை மதிப்பிட்டுச் சொல்ல, அந்தத் தொழிலிலேயே பழகிய பால்டிமோர் நகர அடிமை வணிகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். சிற்பி கிளார்க் மில்ஸ் தாக்கல் செய்த மனுவில் ஃபிலிப் ரீட் என்ற வார்ப்பட வினைஞரின் பெயர் உள்ளது. நாடாளுமன்றக் கட்டடமான கேபிட்டலின் உச்சியில் நிற்கும் 'சுதந்திரம்' என்னும் வெண்கலச் சிலையை வார்த்தெடுக்கும் பணியில் உழைத்தவர் அவர். வாரத்தின் மற்ற நாட்களின் கூலி மில்ஸுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒன்றேகால் டாலர் வீதம், 33 ஞாயிறுகளுக்கு 41 டாலர் 25 சென்ட் ரீடின் கைக்கு வந்தது. மில்ஸ் அவருக்காகக் கேட்ட இழப்பீடு 1,500 டாலர், கிடைத்தது 350 டாலர் 40 சென்ட். 1863 டிசம்பரில் சிலை உச்சியில் ஏறியபோது ரீட் விடுதலை பெற்ற மனிதராக இருந்தார்.

உடைமையாளர் மனுக் கொடுக்காமல் விட்டுவிட்டால், அடிமையாக இருந்தவரே மனுச் செய்துகொள்ளலாம் என்று 1862 ஜூலை 12இல் ஒரு துணைச் சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு நாள் முன்பு, அதாவது தொண்ணூறு நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, போர்ச் செலவை ஈடுகட்டுவதற்கான வருவாய்ச் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டு, உள்நாட்டு வருவாய் ஆணையர் என்ற பதவியை உண்டாக்கினார். இன்றைய வருமான வரித் துறை அந்தப் பதவியிலிருந்து வளர்ந்தது. வரி வாங்கும் அலுவலகமும் அதன் கெடுவைத் தள்ளிவைக்கும் விடுமுறையும் ஒரே மனிதரின் கையொப்பத்தால், எழுபத்தாறு நாள் இடைவெளியில் பிறந்தவை. எவரும் திட்டமிட்டுச் செய்தது அன்று. ஆனாலும் வரலாற்றில் இத்தகைய பொருத்தங்கள் அரிது.

1866 முதல் வாஷிங்டனின் கறுப்பின மக்கள் ஆண்டுதோறும் ஊர்வலம் நடத்தி இந்த நாளைக் கொண்டாடினர். 1888இல் அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் இதே நாளில் ஆற்றிய உரையில், தென் மாநிலங்களில் விடுதலை பெற்றவர்களின் நிலையைக் கடுமையாகச் சாடினார். 1901க்குப் பிறகு ஊர்வலம் நின்றது. 1990களில் வாஷிங்டன் சமூகச் செயற்பாட்டாளர் லோரெட்டா கார்ட்டர் ஹேன்ஸ் போன்றோரின் விடாமுயற்சியால் நினைவு மீண்டது, 2002இல் ஊர்வலம் திரும்பியது, 2005இல் ஏப்ரல் 16 மாவட்டத்தின் சட்டப்படியான விடுமுறையாயிற்று. அந்த நாள் சனிக்கிழமையில் வந்தால் முந்திய வெள்ளியும், ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அடுத்த திங்களும் விடுமுறையாகக் கொள்ளப்படும்.

7503ஆம் பிரிவோடு இது எவ்வாறு பின்னிக்கொள்கிறது என்பதை வருமான வரித் துறையே முன்கூட்டிக் கவனிக்கவில்லை. 2007இல் ஏப்ரல் 15 ஞாயிறு. ஆகவே படிவங்களும் கையேடுகளும் ஏப்ரல் 16 என்றே அச்சாயின. பெரும்பாலானவை அச்சுக்குப் போன பிறகே அந்தத் திங்கள் விடுதலை நாள் என்பது துறைக்குத் தெரியவந்து, கெடு ஏப்ரல் 17 என்று அறிவிப்பு வெளியாயிற்று. 2018இலும் கெடு அவ்வாறே ஏப்ரல் 17க்குத் தள்ளிப்போயிற்று. அன்று துறையின் கணினி அமைப்பு பழுதுபட்டதால் மேலும் ஒரு நாள் கொடுக்க நேர்ந்தது.

மெய்ன், மாசசூசெட்ஸ் ஆகிய இரு மாநிலங்களில் கணக்கு இன்னும் சிக்கலானது. அங்கே ஏப்ரல் மூன்றாம் திங்கள் தேசப்பற்றாளர் நாள் என்னும் மாநில விடுமுறை, அதுவும் அங்குள்ளோரின் கெடுவை நகர்த்தும். 2016இலும் 2022இலும் மற்றவர்களுக்கு ஏப்ரல் 18 கெடுவாக இருக்க, அதே திங்கள் தங்களுக்கு விடுமுறை என்பதால் இவ்விரு மாநிலத்தாருக்கு 19ஆம் நாள் வரை நேரம் இருந்தது. 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் மற்ற இடங்களில் ஏப்ரல் 15 மாறாமல் நிற்க, திங்களன்று தங்கள் விடுமுறையும் செவ்வாயன்று வாஷிங்டன் விடுமுறையும் அடுத்தடுத்து வந்ததால் இவர்களுக்கு மட்டும் ஏப்ரல் 17 ஆயிற்று. அடுத்து நாடு முழுவதற்கும் கெடு நகரும் ஆண்டு 2028. அப்போது ஏப்ரல் 15 சனி, 16 ஞாயிறு, 17 விடுமுறை, ஆகவே 18.

7503ஆம் பிரிவு தாக்கல், செலுத்துதல் இரண்டையுமே நகர்த்துகிறது. அன்றே வரவேண்டிய முன்வரியின் முதல் தவணையும் இதில் அடங்கும். தனிப்படிவம் ஒன்றைக் கொடுத்து அக்டோபர் 15 வரை கால நீட்டிப்புக் கேட்பவரின் நிலை வேறு: அவருக்கு நீள்வது தாக்கல் மட்டுமே, பணத்தை ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும். விடுமுறை தரும் நீட்டிப்பும் வட்டியைப் பொறுத்தவரை கறாரானது. ஏப்ரல் 18 கெடுவான ஆண்டில் அன்றைக்குள் கட்டியவருக்கு வட்டி இல்லை. 19ஆம் நாள் கட்டுபவருக்கோ வட்டி 18இலிருந்து எண்ணப்படுவதில்லை, முதலில் குறித்த ஏப்ரல் 15இலிருந்தே எண்ணப்படுகிறது.